பட்டை மாற்றிய பின் லாரி சாய்ந்தால், ஒரு பக்கம் இழுத்தால்: உயரத்தையும் அலைன்மென்ட்டையும் சரிபார்க்கும் முறை

மதுரையைச் சுற்றி ஓடும் லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகள், அதாவது அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையில் கட்டாக அடுக்கி எடையைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டைகள், படும் பாடு கொஞ்சமல்ல. மேலூர்ப் பக்கத்துக் குவாரித் தடங்களில் கல்லும் ஜல்லியும் ஏற்றி இறங்கும் டிப்பர்கள், அலங்காநல்லூர், வாடிப்பட்டி வயல்களிலிருந்து நெல்லும் கரும்பும் ஏற்றும் வண்டிகள், தேனி, கம்பம் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்குக் காய்கறி கொண்டுவரும் சிறு லாரிகள் என எல்லாவற்றுக்கும் ஒரு நாள் பட்டை மாற்ற வேண்டி வருகிறது. மாற்றிய ஓரிரு நாட்களில் ஓட்டுநர் சொல்லும் குறைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன: வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, முன்பைவிட உயரமாகத் தெரிகிறது, நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது.

இவற்றில் எதைக் கேட்டாலும் வண்டியை நேரே அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது. முன்புறம் ஒரே இரும்பு விட்டமாக முழு அச்சு உள்ள லாரியில், அங்கே உடனடியாகத் திருகி மாற்றக்கூடியது டோ அளவு (மேலிருந்து பார்க்கையில் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) ஒன்றுதான். கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்புவதற்கான ஆணியான கிங் பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) பட்டை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும், பின்புற உயரம் எவ்வளவு என்பதையும் பொறுத்தது. கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு) அச்சின் வளைவையும் கிங் பின் புஷ்ஷின் நிலையையும் பொறுத்தது. பின் அச்சு நேராக இருப்பது, பட்டைக் கட்டை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டின் பிடியையும், கட்டின் நடுவே செல்லும் சென்டர் போல்ட்டையும் பொறுத்தது. இவற்றில் உள்ள குறையை, இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகிச் சரிசெய்ய முடியாது. அப்படிச் செய்தால் ஸ்டியரிங் சில நாட்களுக்கு நேராக நிற்கலாம். ஆனால் முன் டயர்களின் ஓரம் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் உயரம், அடுத்து அச்சின் நேர்மை, அதன்பின் கேஸ்டர், கடைசியாக டோ என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம்.

இங்கே சொல்லப்படுபவை முன்னும் பின்னும் பட்டைக் கட்டும், முன்புறம் முழு அச்சும் உள்ள லாரிகளுக்கு உரியவை. முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பிக்அப் வண்டிகளில் உயரம் மாறினால் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும் என்பதால், அவற்றுக்கு அலைன்மென்ட் மெஷின் கட்டாயம் தேவை. அங்கும் உயரத்தை முதலில் பார்ப்பதே முறை.

கழற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

பழைய பட்டையைக் கழற்றுவதற்கு முன்பே வண்டியின் நான்கு மூலைகளிலும் உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். பலர் பாடியின் விளிம்பிலிருந்து தரைவரை அளக்கிறார்கள். பாடி கட்டும்போதே ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். டயர் தேய்மானமும் காற்றும் தரையும் அந்த அளவில் கலந்துவிடும். எனவே அச்சின் மேல் விளிம்பிலிருந்து, அதற்கு நேர் மேலே உள்ள சேசிஸ் சட்டத்தின் அடி விளிம்பு வரை அளப்பதே சரி. இந்த அளவில் பட்டை மட்டுமே பேசும். தரையிலிருந்து சேசிஸ் வரை உள்ள அளவையும் தனியாக எடுத்துக்கொண்டால், பின்னால் சாய்வுக்குக் காரணம் டயரா பட்டையா என்று பிரித்தறிய உதவும்.

தரை மட்டமாக இருப்பது அவசியம். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் மண் தரை அல்லது நீர் வடிவதற்காகச் சரிவு கொடுத்த சிமென்ட் தரைதான் இருக்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் ஒன்று இருந்தால் நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களின் மட்டத்தைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். தாழ்ந்த சக்கரத்தின் அடியில் அந்த வேறுபாட்டு அளவுக்குத் தகடு வைத்து வண்டியை ஏற்றி நிறுத்தலாம், அல்லது வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு கணக்கில் கழிக்கலாம். டயர்க் காற்றை வெயில் ஏறுவதற்கு முன், வண்டி ஓடாமல் நின்ற நிலையில் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயரின் காற்றளவை நம்பி ஒரு பக்கம் இறக்கிவிட்டால், மறுநாள் காலை அந்தப் பக்கம் தாழ்ந்து நிற்கும்.

வண்டி காலியாக இருக்கிறதா, சுமையோடு இருக்கிறதா, டீசல் எவ்வளவு இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். 200 லிட்டர் டீசல் ஏறத்தாழ 165 கிலோ. அது சேசிஸின் ஒரு பக்கத்தில்தான் தொங்குகிறது. எடை மேடைக்குச் சென்று முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு வாங்கி, அந்த எடையில் எடுத்த உயர அளவோடு சேர்த்து வைத்தால், பிற்காலத்தில் எந்தச் சந்தேகத்துக்கும் அதுவே ஆதாரம்.

பட்டை மாற்றிய பின் ஜாக்கியை இறக்கியவுடன் அளக்கக் கூடாது. பட்டைகளுக்கு இடையில் உள்ள உராய்வால், இறக்கிய நிலையில் கட்டு முழுமையாக உட்காராமல் சற்று உயர்ந்தே நிற்கும். சக்கரங்களும் பக்கவாட்டில் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டியை மெதுவாக ஓட்டி, ஒரு வேகத்தடையில் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, பிரேக்கைத் திடீரென அழுத்தாமல் உருட்டி நிறுத்திய பின்னரே அளவு எடுக்க வேண்டும்.

உயரம் கூடிவிட்டால்

உயரம் கூடுவதற்கு முதல் காரணம் புதிய கட்டு பழையதைவிடக் கடினமாக இருப்பது. பட்டையின் கடினத்தன்மை அதன் தடிமனின் கன மடங்கில் உயர்கிறது. 12 மி.மீ. பட்டைக்குப் பதில் 14 மி.மீ. பட்டை போட்டால், மற்ற அளவுகள் மாறாதபோது, கடினம் ஏறத்தாழ 1.6 மடங்காகிவிடும். பார்வைக்கு 2 மி.மீ. ஒன்றும் பெரிதாகத் தெரியாது, விளைவு பெரிது. காலி வண்டியின் எடையில் பழைய கட்டு 60 மி.மீ. அமுங்கியது என்றால், ஒன்றரை மடங்கு கடினமான கட்டு 40 மி.மீ. தான் அமுங்கும், வளைவு ஒன்றாகவே இருந்தாலும் வண்டி 20 மி.மீ. உயர்ந்து நிற்கும். இது கோளாறு அன்று, தவறான பட்டையைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு.

கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது வேறு கணக்கு. ஒன்பது பட்டை உள்ள கட்டில் அதே தடிமனில் பத்தாவது சேர்த்தால் கடினம் ஒன்பதில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் அச்சின் மேல் பட்டை உட்காரும் வண்டியில், அந்தக் கூடுதல் பட்டையின் தடிமன் முழுவதும் நேரடியாக உயரத்தில் சேரும். சேர்த்த பட்டையின் வளைவு மற்றவற்றைவிட அதிகமாக இருந்தால் உயரம் இன்னும் கூடும். சுமை தாங்க வேண்டும் என்பதற்காகவே பலரும் பட்டை சேர்க்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது உண்மைதான். ஆயினும் ஒரு வண்டிக்கு அதன் பதிவுச் சான்றில் உள்ள எடையே வரம்பு. பட்டை சேர்த்ததால் அந்த எண் உயர்ந்துவிடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் சொல்கிறது. பட்டை தாங்கினாலும், அச்சும் ஹப் பேரிங்கும் பிரேக்கும் பழைய அளவிலேயே இருக்கின்றன என்பதை உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எளிதில் கண்ணில் படாதது. கிரீஸ் பின்னும் உலோக புஷ்ஷும் உள்ள பழைய முறையில் பட்டையின் கண் (முனையில் சுருட்டப்பட்ட வளையம்) பின்னைச் சுற்றித் தாராளமாகச் சுழலும். ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில் அப்படி இல்லை. போல்ட்டை முறுக்கியதும் ரப்பரின் உள்குழாய் இறுகப் பிடிக்கப்பட்டு, பட்டை அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கும். அச்சு தொங்கும் நிலையிலேயே கண் போல்ட்டையும், பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிளின் போல்ட்டையும் முழுவதும் முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கும்போது ரப்பர் முறுக்கப்பட்டு அதுவே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்து வண்டியை உயர்த்திப் பிடிக்கும். ஒரு பக்கம் அப்படியும் மறுபக்கம் சரியாகவும் முறுக்கப்பட்டிருந்தால் சாய்வு வரும். ரப்பரும் சீக்கிரம் கிழியும். தீர்வு எளிது: வண்டியைத் தன் சொந்த எடையில் சக்கரங்களின் மேல் நிறுத்தி, கண் போல்ட்டுகளையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியைச் சற்று ஆட்டிவிட்டு, அந்த நிலையிலேயே மீண்டும் முறுக்க வேண்டும். உயரம் பற்றிய குறை எதுவானாலும் முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது நல்லது. ஸ்பானரைத் தவிர வேறு செலவு இல்லை.

மூன்றாவதாக ஷாக்கிளின் சாய்வைப் பார்க்க வேண்டும். சுமை ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுத்து ஷாக்கிள் ஊஞ்சல் போல ஆட வேண்டும். வளைவு மிக அதிகமான பட்டை போட்டால் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்து, ஷாக்கிள் கட்டின் பக்கமாக உள்ளே இழுக்கப்பட்டு நிற்கும். அது சேசிஸிலோ பட்டையிலோ இடித்துக்கொண்டு நின்றால் பட்டை நிமிர வழியே இல்லாமல் வண்டி கட்டையாகக் குதிக்கும். அப்படிப்பட்ட கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியான வளைவில் வாங்குவதே முறை.

இவை எதுவும் இல்லாமல் உயரம் 10 முதல் 15 மி.மீ. வரை மட்டும் கூடியிருந்தால் அவசரப்பட வேண்டாம். புதிய கட்டு முதல் சில சுமை நடைகளில் சற்று இறங்கி அமரும். அதற்கு முன்பே பட்டையை அடித்து வளைவைக் குறைத்தால் பிறகு தாழ்ந்துவிடும்.

தாழ்ந்துபோன பட்டையை நெருப்பில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தரும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஸ்பிரிங் எஃகு குறிப்பிட்ட வெப்பத்தில் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, மீண்டும் அளவான வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. உலையில் கண்ணால் நிறம் பார்த்துக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். சில வாரங்களில் பட்டை மறுபடி தாழும், அல்லது முறியும். காய்ச்சிய பட்டையைப் போட்டு உயரத்தைச் சரிசெய்துவிட்டு, அதன்மேல் அலைன்மென்ட் செய்வது காசைக் கரைக்கும் வேலை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பக்கம் சாய்ந்தால்

இடது வலது வேறுபாடு 10 மி.மீ. அளவுக்குள் இருந்தால், டீசல் டேங்கும் பேட்டரியும் பாடியும் ஒரே சமமாக அமைவதில்லை என்பதால், பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் வரம்பு குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவே முடிவு. அதற்கு மேல் சாய்ந்தால், சாய்வு முன்பக்கத்திலிருந்து வருகிறதா பின்பக்கத்திலிருந்து வருகிறதா என்று கண்டறிவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. முன் இடது பட்டை தளர்ந்தால் சேசிஸ் முழுவதும் இடப்பக்கம் சாயும். பின் இடது பட்டையும் அந்தச் சாய்வில் அமுங்கும். பார்ப்பவர் பின் பட்டையைக் குறை சொல்வார்.

பிரித்தறிய ஒரு நம்பகமான முறை உண்டு. வண்டியைக் காலியாக்கி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் அச்சின் நீளத்தில் சரிபாதி வரும் இடத்தில் ஒரே ஒரு ஜாக்கியை வழுக்காத மரக்கட்டையோடு வைத்து, பின் சக்கரங்கள் தரையிலிருந்து மயிரிழை விலகும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். இப்போது பின் அச்சு நடுப்புள்ளியில் இரு பக்கமும் ஆடக்கூடியதாக இருப்பதால், பின் பட்டைகள் வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்க முடியாது. சாய்வைத் தீர்மானிப்பது முன் பட்டைகள் மட்டுமே. இந்த நிலையில் முன்புறம் நிமிர்ந்துவிட்டால் குறை பின்னால் இருக்கிறது. முன்புறம் இன்னும் சாய்ந்தே இருந்தால் குறை முன்னால் இருக்கிறது. இதைச் செய்யும்போது அச்சின் இரு முனைகளுக்கும் அடியில் ஓர் அங்குல இடைவெளி விட்டு உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்தியிருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் ஒருவரும் செல்லக் கூடாது. அளவை வெளியிலிருந்து எடுக்க முடியாவிட்டால் இந்தச் சோதனையைக் கைவிடுவதே மேல். ஜாக்கி ஒன்றை நம்பி வண்டிக்குள் தலையை நீட்டியவர்களைப் பற்றி நம் பட்டறைகள் எல்லாவற்றிலும் ஒரு துயரக் கதை இருக்கும்.

குறை உள்ள முனை தெரிந்ததும், அந்த அச்சின் இரு கட்டுகளையும் ஒப்பிட வேண்டும். பட்டைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் தடிமன், சுமை கூடும்போது மட்டும் சேர்ந்து தாங்கும் ஹெல்பர் கட்டு தொடும் இடைவெளி ஆகியவை இரு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிய கட்டும் மறுபக்கம் ஆண்டுக்கணக்கில் ஓடிய கட்டும் இருந்தால் சாய்வு வராமல் இருந்தால்தான் வியப்பு; பட்டையை அச்சுக்கு ஒரு ஜோடியாக மாற்ற வேண்டும். நடுவில் தடித்து முனையில் மெலியும் பாராபோலிக் பட்டை ஒரு பக்கமும், பழைய வகைக் கட்டு மறுபக்கமும் எந்தக் காலத்திலும் கூடாது. கட்டுகள் ஒன்றாக இருந்தும் சாய்ந்தால், துருப்பிடித்து இறுகிய ஷாக்கிள், உள்ளே முறிந்த பட்டை, ஒரு பக்கம் மட்டும் வைக்கப்பட்ட தகடு ஆகியவற்றைத் தேட வேண்டும். அப்போதும் காரணம் கிடைக்காவிட்டால் சேசிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். குவாரி வண்டிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

அச்சு நேராக உட்கார்ந்திருக்கிறதா

ஒவ்வொரு கட்டையும் அச்சின் மேல் இடம் மாறாமல் வைப்பது சென்டர் போல்ட்டின் தலை. அது அச்சு மேடையில் உள்ள குழிக்குள் முழுமையாக இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். தலை குழிக்குள் போகாமல் விளிம்பில் ஏறி நின்ற நிலையில் யு போல்ட்டை முறுக்கிவிட்டால், முதல் சில நாட்களிலேயே தலை நசுங்கி அச்சு நகரும். குழி தேய்ந்து பெரிதாகிவிட்டாலும் இதே நிலைதான். இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: பல கட்டுகளில் சென்டர் போல்ட் இரு கண்களுக்கும் சரிபாதியில் இருப்பதில்லை. முன் பாதி ஒரு நீளமும் பின் பாதி வேறொரு நீளமுமாக இருக்கும் அப்படிப்பட்ட கட்டை ஒரு பக்கம் முன்பின்னாக மாற்றி மாட்டினால், அந்தப் பக்கம் அச்சு முன்னாலோ பின்னாலோ போய்விடும்.

சரிபார்க்க, பட்டையின் முன் கண் பின்னின் மையத்திலிருந்து அச்சின் மையம் வரை உள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். தூக்குக் குண்டு கட்டி இரு புள்ளிகளையும் தரையில் சுண்ணக் கட்டியால் குறித்துக்கொண்டு அளந்தால் நாடா எதிலும் இடிக்காது. இரு பக்கத்துக்கும் வேறுபாடு 3 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். இடது வலது பட்டைகளுக்கு இடையே 1,000 மி.மீ. தூரமும் 4,200 மி.மீ. வீல்பேஸும் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம்) உள்ள வண்டியில் ஒரு பக்கம் 6 மி.மீ. முன்னேறியிருந்தால், பின் அச்சு நோக்கும் கோடு முன் அச்சை அடையும்போது மையத்திலிருந்து 25 மி.மீ. விலகியிருக்கும். பின் அச்சின் வலப்பக்கம் முன்னேறியிருந்தால் பின் சக்கரங்கள் இடப்பக்கம் நோக்கும். வண்டியின் வால் இடப்பக்கம் தள்ளப்பட்டு மூக்கு வலப்பக்கம் திரும்ப முயலும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்தபடியே நெடுஞ்சாலை முழுவதும் ஓட்ட நேரிடும். இதை முன் டோவில் ஒளித்து வைக்கக் கூடாது.

அச்சு நகர்ந்திருந்தால் யு போல்ட்டைத் தளர்த்தி, சென்டர் போல்ட்டை மாற்றி, மேடையைச் சுத்தம் செய்து, மீண்டும் பொருத்த வேண்டும். யு போல்ட் ஒருமுறை முழு இறுக்கத்துக்கு நீண்டுவிட்ட பொருள். பட்டை மாற்றும்போது அதையும் நட்டையும் புதிதாகப் போடுவது நல்லது. நான்கு நட்டுகளையும் எதிர் எதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்கி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். நீளக் குழாயை மாட்டி இருவர் தொங்கி முறுக்குவது இறுக்கத்துக்கு அளவாகாது. பத்து வண்டியில் பத்து விதமாக இருக்கும்.

இரட்டைப் பின் அச்சு வண்டிகளில் இதோடு இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள மைய தூரத்தை இரு பக்கமும் அளந்து, அச்சுகளைச் சேசிஸோடு பிடித்து வைக்கும் டார்க் ராடுகளின் புஷ்களையும் பார்க்க வேண்டும்.

கேஸ்டரும் ஸ்டியரிங்கும்

பின்புறத்தை மட்டும் உயர்த்தினால் முன் அலைன்மென்ட் ஏன் மாறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சேசிஸ் மூக்கைக் கவிழ்த்து நிற்கும்போது அதோடு சேர்ந்து முன் பட்டையும் அச்சும் முன்னோக்கிச் சுழல்கின்றன. கிங் பின்னின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணமான கேஸ்டர் குறைகிறது. 4,200 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டியில் பின்புறம் 75 மி.மீ. உயர்ந்தால் கேஸ்டர் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். முதலில் இருந்ததே இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் இது சிறிய இழப்பன்று. திருப்பத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நேர்ச் சாலையில் வண்டி அலையும். காலி வண்டியில் இது அதிகமாகவும் சுமை ஏறியதும் குறைவாகவும் தெரியும். போடிமெட்டு, குமுளி மலைச்சாலைகளில் இப்படிப்பட்ட வண்டியை ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் கையால் ஸ்டியரிங்கை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பின்புற உயரத்தைச் சரிசெய்தாலே கேஸ்டர் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். அதற்கு வழியில்லாதபோதுதான் முன் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புத் தகடு வைக்க வேண்டும். பட்டை அச்சின் மேல் உட்காரும் வண்டியில் ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் இருந்தால் கேஸ்டர் கூடும். முன்பக்கம் இருந்தால் குறையும். பட்டை மாற்றும்போது பழைய ஆப்பைத் திருப்பி வைத்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. அப்போது ஆப்பின் கோணத்தைப் போல இரு மடங்கு கேஸ்டர் குறைந்துவிடும். எனவே கழற்றும்போதே எந்த முனை எந்தப் பக்கம் என்று பெயின்ட்டால் குறியிட வேண்டும். இரு பக்கமும் ஒரே கோணமுள்ள ஆப்பு வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் அச்சு முறுக்கப்படும், வண்டியும் கேஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும்.

முழு அச்சின் கேம்பர், சேசிஸ் சாய்ந்தாலும் மாறாது. அச்சு டயர்களின் மேல் தான் நிற்கிறது. ஆகவே பட்டை மாற்றிய பின் கேம்பர் தவறாகக் காட்டினால் கிங் பின் புஷ், ஹப் பேரிங், வளைந்த அச்சு ஆகியவை முன்பே கெட்டிருந்தன என்று கொள்ளலாம்.

ஸ்டியரிங் கோணலாக நிற்பதற்கு முன் உயரமே பெரும்பாலும் காரணம். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் இருக்கிறது. டிராக் லிங்க் அங்கிருந்து சக்கரத்துக்கு வருகிறது. முன்புறம் உயர்ந்தால் அந்த லிங்கின் சாய்வு மாறி, சக்கரங்களை ஒரு பக்கம் தள்ளும். இதற்குத் தீர்வு டிராக் லிங்கின் நீளத்தைச் சரிசெய்வதே. முதலில் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் சுழற்றி எண்ணி, பாக்ஸை அதன் நடுநிலையில் நிறுத்திக்கொண்டு, சக்கரங்களை நேராக்கி, அதன்பின் லிங்கைப் பொருத்த வேண்டும். நீளம் மாற்ற வழியில்லாத லிங்க் உள்ள வண்டியில், தவறு உயரத்தில் இருக்கிறது என்றே பொருள்.

டோ

இதுவரை சொன்னவை முடிந்த பின் டோவைப் பார்க்கலாம். கிங் பின், பேரிங், டை ராடு எண்டுகள் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அவற்றை மாற்ற வேண்டும். முன் சக்கரங்களைச் சற்றுத் தூக்கி, டயரைச் சுழற்றியபடி அதன் நடுவில் ஆணி முனையால் ஒரு மெல்லிய கோடு இழுத்து, இறக்கி, வண்டியைச் சில அடி முன்னோக்கி உருட்டி நிறுத்த வேண்டும். ஹப்பின் உயரத்தில், இரு கோடுகளுக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தால் வேறுபாடே டோ. முன்பக்கம் குறைவாக இருந்தால் டோ-இன். எவ்வளவு வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும்; பொதுவாகச் சில மி.மீ. தான். டயரின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்பதால், டோ 10 மி.மீ. தவறினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரு டயர்களும் சேர்ந்து 10 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகின்றன. மதுரையிலிருந்து சென்னை போய்வரும் வண்டிக்கு அது எவ்வளவு ரப்பர் என்று கணக்கிட்டுப் பார்த்தால் இந்த அளவில் அலட்சியம் வராது.

ஓட்டிப் பார்த்தல்

கப்பலூரைத் தாண்டித் திருமங்கலம் வழியாக விருதுநகர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 நீளமான நேர்ப் பகுதிகள் கொண்டது. போக்குவரத்து குறைந்த நேரத்தில் சோதனைக்கு ஏற்றது. நீர் வடிவதற்காகச் சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால், பிடியைத் தளர்த்தினால் வண்டி லேசாக இடப்பக்கம் நகர்வது இயல்பு. வலப்பக்கம் இழுத்தால் அது சரிவை எதிர்த்து இழுக்கிறது; உறுதியாகக் குறை இருக்கிறது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே இதை உணர முடியும். நிறுத்தியதும் நான்கு ஹப்களின் சூட்டையும் கையை அருகே கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அலைன்மென்ட்டைத் தேட வேண்டாம். அடுத்து முன் டயர்களை இடம் வலமாக மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் காரணம் டயர். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக் சமநிலையையும் முன் யு போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.

உயரத்தோடு சேர்ந்து மாறுபவை

பின்புறச் சுமையை உணர்ந்து பின் பிரேக்கின் காற்றழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில், அந்த வால்வின் கோல் பின் அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். உயரம் கூடினால் வால்வு வண்டியைக் காலி என்று எடுத்துக்கொண்டு, முழுச் சுமையிலும் பின் பிரேக்குக்குக் குறைந்த அழுத்தமே அனுப்பும். பட்டை மாற்றிய பல வண்டிகளில் இது தொடப்படுவதே இல்லை. உயிரோடு தொடர்புடைய இந்த ஒன்றை மறக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கோலின் நீளத்தைக் கையேட்டின்படி மாற்றி, அழுத்தமானி கொண்டு சரிபார்க்க வேண்டும்.

பின்புறம் உயரும்போது, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அடியில் அதிர்வு வந்தால் அதன் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டுகளின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு நிற்கிறதா, பிரேக் ஹோஸ் அச்சு தொங்கும்போது விறைக்கிறதா, சுமை ஏறியதும் அச்சுக்கும் சேசிஸின் ரப்பர் தடைக்கும் இடையில் இடம் மிச்சம் இருக்கிறதா என்பவற்றை ஒரு சுற்றில் பார்த்துவிடலாம். முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரத்தையும் ஒரு சுவரின் முன் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

முதல் முழுச் சுமை நடை முடிந்து வந்ததும் யு போல்ட்டுகளை மீண்டும் அதே அளவுக்கு இறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று அமர்ந்து, பெயின்ட்டும் துருவும் நசுங்கி, இறுக்கம் குறைந்திருக்கும். சில நடைகளுக்குப் பின் மறுபடியும் இறுக்கி, அன்றே நான்கு மூலை உயரத்தையும், பின் அச்சின் இரு பக்கத் தூரத்தையும், டோவையும் அளந்து முதல் நாள் அளவுகளின் அருகில் எழுதி வைக்க வேண்டும். உயரம் இரு பக்கமும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் கட்டு அமர்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் வண்டியை அடுத்த சுமைக்கு அனுப்பாமல், அந்தப் பக்கத்துக் கட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து விரிசல் தேட வேண்டும்.